கொண்டைக்குருவிக் காவல்

இதில் நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை. சுகந்தினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகிற பேருந்தில், இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் யாரென்று தெரியாததால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். நாங்கள் இருவரும் தாவரவியலில் ஒரே வகுப்பு. இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நாங்கள்தான். அதனால் அவள் சொல்லாமல் விட்ட இடங்களும் எனக்குப் புரிந்தன என்று நினைக்கிறேன். அதில் தவறு இருக்கலாம். அவள் ‘நான்’ என்றதை ‘நான்’ என்றே எழுதுகிறேன். வார்த்தைகளில் பாதி என்னுடையவை. எண்கள் எல்லாம் அவளுடையவை.

ஆறேகாலுக்கு முதல் குருவி வந்துவிட்டது. மேல் வரப்பில் நிற்கிற சீகை மரத்தில் உட்கார்ந்து, கொண்டையை நிமிர்த்தி, கன்னத்துச் சிவப்பைக் காட்டி, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறது. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கும், பொருட்படுத்தவில்லை. கையிலிருக்கிற தகர டப்பாவைத் தட்டினால் பறந்துவிடும், ஆனால் இப்போதே தட்டினால் சத்தம் பழகிவிடும், பழகிவிட்டால் எட்டு மணிக்குத் தட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்காது, ஆகவே இறங்கும்வரை பொறு, இறங்கி நாற்றின் பக்கம் போகும்வரை பொறு, ஆனால் பக்கத்தில் போவதற்கும் குருத்தைக் கொத்துவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஒரு மூச்சு, அரை மூச்சு. தட்டிவிட்டேன். பறந்தது. அடுத்த மரத்துக்குத்தான். விரல் மரத்துப் போயிருக்கிறது, டப்பாவின் குளிர் எலும்புவரை ஏறுகிறது, உட்கார்ந்திருக்கிற சாக்கு பனியில் நனைந்து பாவாடை நனைந்து, எழுந்து நிற்கலாம், நின்றால் அவை வராது, ஆனால் நாலு மணி நேரம் நிற்க முடியுமா. பத்து மணிவரை. பத்து மணிக்குப் போஜன் கவுடர் வருவார். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அப்படியே வருகிறேன் என்றிருக்கிறார். இந்த இரண்டு அடுக்கு நிலம் அவருடையது. பதினெட்டு நாளுக்கு முன்னால் இதே வரப்பில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பதினெட்டாம் நாள் வந்து பாக்கறேன்மா, நட்டது நின்னிருந்தா மண்ணு அணைச்சுக்கோ, இல்லேன்னா நான் கேரட்டு போட்டுக்கறேன். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். இந்தச் சரிவில் யாரும் காகிதம் எழுதுவதில்லை. செடியின் அடியில் முதல் முறை மண் அணைக்கிறவரைக்கும் நிலம் நிலக்காரர் கையில்; அணைத்துவிட்டால் கடைசிக் காய் பறிக்கிறவரைக்கும் நட்டவர் கையில், அப்புறம் நிலக்காரரே மனது மாறினாலும் அந்தச் செடியைத் தொடமாட்டார். பதினெட்டாம் நாள் இன்றைக்கு. முந்நூறு நட்டேன். நேற்று சாயங்காலம் மேலிருந்து எண்ணினால் இருநூற்று ஒன்பது. கீழிருந்து எண்ணினால் இருநூற்று ஏழு. எது சரி என்று தெரியாமல் மறுபடி எண்ணினேன், இருட்டிவிட்டது, இரண்டில் குறைந்ததை வைத்துக்கொள்வோம் என்று வீட்டுக்குப் போனேன், போகிற வழியெல்லாம் அந்த இரண்டு செடி எங்கே போயின என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

முட்டைக்கோஸ் போட்டிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். உருளை போடலாம், பீட்ரூட் போடலாம், இந்த மலையில் விளையாதது என்ன இருக்கிறது, உனக்கு எதற்கு இந்தப் புருசல்ஸ். ஆள் இடுப்புவரை ஒற்றைத் தண்டாக வளர்ந்து, ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குட்டிக் கோஸ் பிடிக்கிற செடி. மண்டியில் இதை வாங்குகிறவர்கள் நாலு பேர், அந்த நாலு பேரும் ஹோட்டலுக்கு வாங்குகிறவர்கள். எதற்கு என்றால், மூன்றாம் வருஷம் ஆய்வகத்தின் பின்னால் ஆறு பையில் இதை வளர்த்தேன், நாலில் காய் பிடித்தது, மேடம் ஒரு காயைக் கிள்ளி இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்துவிட்டு நல்லா வந்திருக்கு என்றார்கள். என் வாழ்க்கையில் நான் படித்து, நானே செய்து, சரியாக வந்த ஒரே காரியம் அது. மற்றதெல்லாம் படித்தேன், எழுதினேன், மதிப்பெண் வந்தது. இது வந்தது. அந்த நாலு செடிக்காக முந்நூறு செடி. சிரிப்பாக இருக்கிறது இப்போது நினைத்தால், ஆனால் சிரிக்கிற நிலையில் இல்லை, கீழ் அடுக்கில் ஏதோ அசைகிறது, இல்லை, காற்று. ஆய்வகத்தின் பின்னால் குருவி வரவில்லை. அங்கே கேன்டீன் இருந்தது, குருவிகளுக்குச் சோறு கிடைத்தது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, நானும் எழுதிவைக்கவில்லை. பறவைகளிடமிருந்து இளம் செடிகளைக் காக்க வலை போடவும் என்று போனில் படித்தேன். வெங்காயம் வருகிற சிவப்பு வலைச் சாக்குகளைப் பிரித்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒன்றோடொன்று தைத்து, கொண்டுவந்து நாற்றுகளின் மேல் விரித்தேன். அப்படியே, செடிகளின் மேல், போர்வை மாதிரி. வலைக் கண்ணிலிருந்து இலை நுனிகள் வெளியே எட்டிப் பார்த்தன. குருவிகள் வலையின் மேல் உட்கார்ந்து, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு, எட்டிப் பார்த்ததையெல்லாம் தின்றன. மூன்று நாள். போடவும் என்று எழுதியவர் எப்படிப் போடவும் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, போடவும் என்றால் போட்டேன், விடைத்தாளில் எழுதுகிற மாதிரி. நாலாம் நாள் கீழ்த் தோட்டத்துச் செலினா அக்கா பார்த்துவிட்டு, குழந்தைக்குப் போத்துற மாதிரி போத்தியிருக்கியே புள்ள, பந்தல் மாதிரி தூக்கிக் கட்டு என்று சொல்லி அவரே நாலு மூங்கில் குச்சியை வளைத்து நட்டுக் கொடுத்தார். தூக்கிக் கட்டினதும் மேல் அடுக்குக்குத்தான் வலை போதுமானதாக இருந்தது. கீழ் அடுக்குக்கு நான்.

ஏழரைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மேல் பாதையில் போனார்கள். முதுகில் கூடை, தலையில் பிளாஸ்டிக் தாள், வரிசையாகப் பதினோரு பேர். முதலில் போன பெண் நின்று கீழே பார்த்தாள். என்னங்க டிகிரிக்காரம்மா, குருவிக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களா. பின்னால் வந்த இன்னொருத்தி, பாஸ் ஆனாத்தான் விடுவாங்களாம் என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது, அந்த வரிசையில் ஏழாவதாகப் போன அம்மாவும் சிரித்தாள். நான் பார்த்தேன். அம்மா சிரித்ததில் தப்பில்லை, பத்துப் பேர் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் போனால் அன்றைக்கு முழுக்க அவளோடு யாரும் பேசமாட்டார்கள், எட்டு மணி நேரம் பேசாமல் பறிக்க வேண்டும், அதைவிடச் சிரித்துவிடுவது சுலபம், அது எனக்குத் தெரியும். தெரிந்தால் போதுமா. அந்தச் சிரிப்பு டப்பாச் சத்தத்தைவிட நேரம் எடுத்து அடங்கியது. என்னைப் படிக்க வைக்கிறேன் என்று இதே பாதையில் இதே கூடையோடு பதினாறு வருஷம் போனவள். கூட்டுறவு அலுவலகத்தில் தற்காலிக வேலை இருக்கிறது என்று அப்பா யாரையோ பார்த்துப் பேசிவைத்திருந்தார், நான் போகவில்லை, அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் இப்போது சிரித்தாளோ. இல்லை, பாஸ் ஆனாத்தான் விடுவாங்களாம் என்பது உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்திருக்கலாம். கையைத் தூக்கி ஏதாவது சொல்லியிருக்கலாம். டப்பாவைத் தட்டினேன், குருவி எதுவும் இல்லாமலே, மேல் பாதையைப் பார்த்து, ஓங்கி. பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா திரும்பவில்லை. பரவாயில்லை. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சாயங்காலம் திரும்பி வரும்போதும் இங்கே ஏதாவது நின்றுகொண்டிருக்கும்.

எட்டு மணிக்கு மேல் செலினா அக்கா வந்தார். கீழ்த் தோட்டத்தில் அவருக்கு முட்டைக்கோஸ் நாற்றங்கால் இருக்கிறது. கூடையில் ஈரச் சாக்கு மூடி, மூடியதைத் திறந்து காட்டினார். நூறு நாற்று இருக்கும். அதே உயரம், அதே நீலம் பூத்த பச்சை, அதே நாலைந்து இலை. அக்கா ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை.

“பாடுவாசி எல்லாத்துலயும் இத ஊனிடு புள்ள. நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், ஒன்பது மணிக்குள்ள முடிஞ்சிரும். கவுடருக்கு என்ன தெரியும், பச்சையா வரிசையா நின்னாச் சரி.”

“அது முட்டைக்கோஸாச்சேக்கா.”

“நானே மாத்தி வச்சுட்டா எனக்கே தெரியாது. மாசிக்குள்ள உருண்டை பிடிக்கும்போதுதான் தெரியும். அப்ப நிலம் உன் கையில.”

செத்த இடத்தில் மறு நாற்று வைப்பது ஊரெல்லாம் செய்வதுதான், பாடுவாசி நிரப்பாத தோட்டம் எது. ஆனால் அதே நாற்று வைக்க வேண்டும், என்னிடம் அதே நாற்று இல்லை, விதை ஒரே பொட்டலம்தான் கிடைத்தது. அதே நாற்று என்றால் என்ன. இரண்டும் ஒரே இனம். இது நான் படித்தது, பத்து மதிப்பெண் கேள்வியாகவே வந்தது, முட்டைக்கோஸ், பூக்கோஸ், நூல்கோல், புருசல்ஸ் எல்லாம் ஒரே தாவரம், மனிதன் ஒன்றில் நுனி மொட்டைப் பெரிதாக்கினான், ஒன்றில் பூவை, ஒன்றில் தண்டை, ஒன்றில் பக்க மொட்டுகளை. தாவரவியல்படி நான் சொல்வது பொய்யே ஆகாது. கவுடர் கேட்டால், எல்லாம் ஒரே இனம்தாங்க என்று சொல்லலாம், அது முழு உண்மை, யாரும் மறுக்க முடியாது. எவ்வளவு அழகாக வருகிறது, பார். படித்ததெல்லாம் சேர்ந்து முதல் தடவையாக எனக்கு உதவிக்கு வருகிறது, எதற்கு வருகிறது பார். நான் நேர்மையானவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது நேர்மை இல்லை, பயம். விண்ணப்பப் படிவத்தில் இனிஷியல் முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று அரை மணி நேரம் யோசிக்கிறவளுக்குப் பொய் சொல்ல எங்கே தைரியம் இருக்கும், ஒரு எழுத்து மாறினாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள், எங்கள் வீட்டில் போய்க் கேட்க ஆள் கிடையாது, அதனால் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவது. இப்போதும் பயம்தானா. உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் வேறு மாதிரி. தொண்ணூறு இடத்தில் முட்டைக்கோஸ் நட்டால் இந்தப் பதினெட்டு நாள் நான் தோற்றது எங்குமே தெரியாமல் போய்விடும், வலையைப் போர்வையாகப் போட்டது தெரியாது, மூன்று நாள் தின்றது தெரியாது, நான் இந்தச் சாக்கில் உட்கார்ந்து காத்தது மட்டும் எப்படித் தெரியும், அதுவும் தெரியாது. நிற்கிற இருநூற்று ஏழும் அப்போது யாரோ நட்டது போல ஆகிவிடும். இல்லக்கா, வேண்டாம் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். படிச்ச திமிரு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கீழ்க்கோடியில் ஐந்து குருவி இறங்கியிருந்தன.

ஓடினேன். வரப்பில் வழுக்கி, முழங்கை மண்ணில் உரசி, கையில் கிடைத்த மண்கட்டியை வீசினேன், கட்டி நடுவானிலேயே உடைந்து தூளாக என் செடிகளின் மேலேயே விழுந்தது. குருவிகள் நிதானமாக எழுந்து போயின. மூன்று நாற்றில் குருத்து இல்லை. சுற்றிலும் இலை அப்படியே இருக்கிறது, நடுவில் மட்டும் கிள்ளி எடுத்த பள்ளம், அதில் ஒரு துளி நீர். இலை போனால் வளரும். குருத்து போனால் தண்டு மேலே போகாது, பக்கத்தில் புதராக வெடிக்கும், காய் பிடிக்க உயரம் இருக்காது. இவற்றை நிற்கிற கணக்கில் சேர்ப்பதா. தூரத்திலிருந்து பார்த்தால் நிற்கிறது. இந்த ஒரு கேள்வியில் ஐந்து நிமிஷம் போயிருக்கும், மூன்று செடிக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்து. பிறகு மூன்றையும் பிடுங்கினேன். பிடுங்கும்போது வேர் வெள்ளையாக, நன்றாகப் பிடித்திருந்தது, விடமாட்டேன் என்றது. இருநூற்று நாலு. பிடுங்கின கையோடு எனக்குள் ஏதோ சூடாக ஏறியது. இந்தக் குருவிகள் பொல்லாதவை இல்லை, பசி, குளிர், அவற்றுக்குச் சீகைக் காட்டில் என்ன இருக்கிறது. அதற்காக என் குருத்தா. எனக்கும்தான் பசி. எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, குருவிக்கு, கவுடருக்கு, அப்பாவுக்கு, சிரித்துக்கொண்டு போன பத்துப் பேருக்கு, நான்தான் ஒவ்வொருவர் நியாயத்தையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே யோசித்துக் கொடுத்து வழிவிட்டு நிற்கிறவள். இன்றைக்கு வழிவிடமாட்டேன். உட்காரவும் இல்லை அதற்குப் பிறகு. வரிசைகளின் நடுவே மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக நடந்தேன், டப்பாவை ஒரே தாளத்தில் தட்டினால் பழகிவிடும் என்று தாளம் தப்பித் தப்பித் தட்டினேன், ஒரு முறை கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, எதிர்ச் சரிவிலிருந்து நாய் ஒன்று பதில் குரைத்தது.

ஒன்பதரைக்குச் செலினா அக்கா தன் தோட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். அவர் வர்றதுக்குள்ள அணைச்சிரு புள்ள, அணைச்சுட்டா அப்புறம் அவரால என்ன பண்ண முடியும். அதை நான் யோசிக்கவே இல்லை. பதினெட்டு நாளாக எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. மண் இழுக்கிற கொத்து வரப்பிலேயே கிடந்தது. எடுத்தேன். முதல் வரிசையின் முதல் செடி. மண் நல்ல பதத்தில் இருக்கிறது, பனி இறங்கி, கெட்டியும் இல்லை சேறும் இல்லை. கொத்தை மண்ணில் இறக்கினேன், இழுத்தால் போதும், ஒரு கை மண் தண்டின் அடிக்குப் போய்விடும், இருநூற்று நாலு செடி அரை மணி நேரத்தில் முடியாது, ஆனால் பாதி முடியும், பாதி என் கையில். கவுடர் வந்து பார்ப்பார், ஓ அணைச்சிட்டியா என்பார், எதிர் மலையைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் சண்டை போடுகிறவர் இல்லை. அதனால்தான் முடியவில்லை. அவர் போனபிறகு நான் இந்த நிலத்தில் எத்தனை மாசம் குனிந்து நிமிர வேண்டும், ஒவ்வொரு முறை மேல் பாதையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதும் நிமிர்ந்து பார்க்க வேண்டும், திருடினவள் பார்க்கிற மாதிரி. எத்தனை போயிருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ சொல்லட்டும். அதற்கப்புறம் நானும் ஒன்று சொல்வேன். என்ன சொல்வேன். கொத்தை மண்ணிலிருந்து உருவி வரப்பில் வைத்தேன். வெயில் ஏறியிருந்தது.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மேலே போர்த்திய வெள்ளைச் சால்வை, கையில் காலிப் பால் கேன். வாங்க என்றேன். நின்ற செடிகள் பக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நேராகக் கீழ்க்கோடிக்குக் கூட்டிப் போனேன். இங்கே இல்லை, இங்கே இல்லை, இந்த வரிசையில் ஏழு இல்லை, இது வலை போட்டதில் என் தப்பு, இது காலையில் போனது. பரீட்சையில் எந்தக் கேள்விக்கு எழுதவில்லை என்று முதலில் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நடந்து முடித்து எதிர் மலையைப் பார்த்தார். மூணுல ஒண்ணு போயிருக்கேம்மா என்றார். ஆமாங்க என்றேன். அடுத்த வருஷம் வேணா பாக்கலாம், இப்போதைக்குக் கேரட்டு போட்டுக்கறேன் என்றார், மென்மையாக, என் மேல் இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் சரிங்க என்று சொல்லியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

“நிக்கிறத நான் அணைக்கிறேங்க. நிக்காத இடத்தையெல்லாம் நீங்க எடுத்துக்கங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பதினெட்டு நாளில் முதல் முறை.

“சந்து சந்தாவா? கேரட்டா?”

“போடுங்க. நான் மிதிக்காம நடந்துக்கறேன்.”

கொத்தை எடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது தெரிந்தது, நான் முதல் செடிக்குக் குனிந்துவிட்டேன். மண்ணை இழுத்து, தண்டின் அடியில் குவித்து, குருத்தில் மண் விழாமல் இடது கையால் இலைகளை ஒதுக்கிப் பிடித்து, விரலால் அழுத்தினேன். இரண்டாவது. மூன்றாவது இடம் காலி, தாண்டினேன். நான்காவது. முதுகில் அவர் பார்வை இருக்கிறது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்த வேண்டியதுதான், நிறுத்துவேனா, தெரியாது, அந்த ஒரு வார்த்தையை இரண்டு தோளுக்கும் நடுவில் எதிர்பார்த்துக்கொண்டே ஐந்தாவது, ஆறாவது. பால் கேனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஏழாவது. எட்டு காலி. ஒன்பதாவதில் இருக்கும்போது கீழ்க்கோடியில் ஒரு குருவி இறங்கியது, கண்ணின் ஓரத்தில் தெரிந்தது, டப்பா எட்டாத தூரத்தில் கிடக்கிறது, கை இரண்டும் மண், எழுந்து ஓடினால் இந்தச் செடி பாதியில் நிற்கும். நான் நிமிரவில்லை. என் பின்னால் கவுடர் கையைத் தட்டினார்.

அவள் இங்கே நிறுத்தினாள். மூன்றாவது ஆள் இறங்கிப் போயிருந்தார், நாங்கள் தள்ளி உட்காரவில்லை. டிசம்பரில் நான் அந்த ஊருக்குப் போனேன். அந்தச் சரிவில் நிலம் வைத்திருக்கிற மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்தேன், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். முதல் மண் அணைக்கும்போது நிலக்காரர் அந்த நிலத்தில் நின்றிருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அணைத்த மண்ணை அவர் காலால் தள்ளிவிடலாம், அது செல்லாது. சுகந்தினிக்கு இது தெரியாது. செலினா அக்காவும் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.